மணலிற் புதைந்த வண்டி

சாய்ந்தமருதிலிருந்து மாணவ அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று வரைந்துள்ளார். அவருடைய மாமா அண்மையில் நான்கு சில்லுகளும் இழுக்கும் வண்டியொன்றை வாங்கியிருக்கிறாராம். வரும் பாடசாலை விடுமுறையில் குடும்பத்தார் ஏழு பேருமாகப் பொத்துவில், பாணமை வழியே உகந்தை வரை போய், காட்டுத் தடங்களிலும் கடலோரத்திலும் சுற்றி வருவதாகத் திட்டம். வண்டி எங்கேனும் புதைந்தால் அதை மீட்பதற்கு எவ்வெவற்றை உடன் கொண்டு செல்வது என்பதில் வீட்டில் இரண்டு கட்சிகள் உண்டாகிவிட்டனவாம். வண்டியின் முகப்பில் கம்பி சுற்றி இழுக்கும் மின்சார வின்ச் ஒன்றைப் பூட்டினாலன்றிப் புறப்படேன் என்கிறார் மாமா. "ஒரு கயிறு காணும்; மிச்சக் காசுக்குக் கூரையைத் திருத்துங்க" என்கிறார் மாமி. அன்பர் பதினொரு பொருள்களைப் பட்டியலிட்டு, எதை எடுப்பது, எதை விடுப்பது என்று நம்மிடம் தீர்ப்புக் கேட்டிருக்கிறார்.

தீர்ப்புச் சொல்லும் யோக்கியதை நமக்கு உண்டோ இல்லையோ, புதைந்த அனுபவம் உண்டு. அதை முதலிற் சொல்லிவிடுவது நேர்மை.

சில ஆண்டுகளுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், கல்முனையிலிருந்து உறவினர் சூழ இரண்டு வண்டிகளிற் புறப்பட்டோம். பாணமையைத் தாண்டியதும், கடலோரத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடலாமென்று பாதையை விட்டு ஒரு மணற்றடத்தில் இறங்கினோம். போகும்போது யாதொரு தொல்லையுமில்லை. சகனைச் சுற்றி அமர்ந்து வயிறாற உண்டு, அஸர் நேரத்திற் புறப்படலாமென எழுந்தபோதுதான் நாம் ஏறியிருந்த வண்டி அசைய மறுத்தது. ஓட்டியவர் வேகமிதியை அழுத்தினார். சில்லுகள் சுழன்று மணலை வாரியிறைத்தன. வண்டி வயிறு தரையிற் படும்வரை இறங்கிவிட்டது.

நம்மிடம் இருந்தது கல்முனைச் சந்தையில் வாங்கிய நைலோன் கயிறு ஒன்றும், ஓர் இரும்புக் கொக்கியும். கொக்கியை நம் வண்டியின் முன்புறத்தில், அடிப்பாகத்திலிருந்த ஒரு வளையத்தில் மாட்டினோம். மறு நுனியை முன்னே நின்ற வண்டியின் பின்னாலுள்ள இழுவைக் குமிழிற் கட்டினோம். முதன்முறை மெல்ல இழுத்தபோது பயனில்லை. "கொஞ்சம் ஓடிவந்து இழுக்கிறேன் மச்சான்" என்றார் மச்சினர். கயிற்றைத் தளரவிட்டு வண்டியைப் பாய்ச்சினார். கயிறு நீண்டது, விம்மியது, ஒரு வெடிச்சத்தம் கேட்டது. நம் வண்டியின் வளையம் பிய்ந்து, கொக்கியோடு சேர்ந்து முன் வண்டியின் பின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், நடு ஆசனத்தின் முதுகில் ஏறி நின்றது.

அந்த ஆசனத்தில் சற்று முன்வரை மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். தொழுகைக்கு முன் கைகால் கழுவ வேண்டுமென்று ராத்தா அவர்களை இறக்கிக்கொண்டு போயிருந்தார். மச்சினர் ஓட்டுநர் ஆசனத்தை விட்டு இறங்கி வந்து கண்ணாடியைப் பார்த்தார், ஆசனத்தைப் பார்த்தார், மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அன்றைக்கு ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை.

அவ்வேளையில் வைக்கோல் ஏற்றிய உழவு யந்திரமொன்று அவ்வழியே வந்தது. ஓட்டி வந்தவன் இருபது வயது மதிக்கத்தக்க பொத்துவில் இளைஞன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காக்கா, காத்த எறக்கினீங்களா?" என்று கேட்டான். இல்லையென்றோம். "அப்ப என்னத்துக்குக் கயித்த எடுத்தீங்க?" என்றான். ஒரு குச்சியால் நான்கு சில்லுகளின் காற்றையும் பாதிக்குமேல் இறக்கினான். தன் மண்வெட்டியால் வண்டியின் அடிவயிற்று மணலைத் தோண்டியெடுத்து, சில்லுகளுக்கு முன்னே சரிவாக வழி வெட்டினான். காய்ந்த தென்னோலைகளைப் பரப்பினான். அரை மணி நேரத்தில் வண்டி தன் பலத்திலேயே ஏறி வந்துவிட்டது. உழவு யந்திரத்தைப் பூட்டவே இல்லை.

ஆனால் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றுவதற்கு நம்மிடம் பம்பி இல்லை. தளர்ந்த டயர்களோடு பொத்துவில்வரை ஊர்ந்து வந்தோம். பாணமைப் பக்கத்திலே பொழுது சாய்ந்தபின் யானைகள் பாதைக்கு வரும். அன்றும் வந்தன. அவை விலகும்வரை விளக்கையணைத்துக் காத்திருந்ததை நம் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் கதையாகச் சொல்கிறார்கள். பெரியவர்கள் மற்றக் கதையை நினைத்துக்கொண்டு பேசாதிருக்கிறோம்.

நிற்க. அன்பரின் பட்டியலை எடுத்துப் பார்த்தபோது நமக்கு ஆச்சரியமாயிருந்தது. பதினொரு பொருள்களில் மண்வெட்டி இல்லை. காற்றடிக்கும் பம்பியும் இல்லை. இழுக்கும் சாதனங்கள் மட்டும் ஏழு.

காற்றை இறக்குவதால் என்ன நிகழ்கிறது என்பதை விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சில்லின்மீது 600 கிலோ பாரம் இருக்கிறதென்று கொள்வோம்; ஏறத்தாழ 1,320 இறாத்தல். டயரினுள்ளே சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அமுக்கமிருந்தால், அப்பாரத்தைத் தாங்க நிலத்திற் படியவேண்டிய பரப்பு சுமார் 41 சதுர அங்குலம். அமுக்கத்தை 16 இறாத்தலாகக் குறைத்தால் அப்பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. டயரின் சுவரும் சிறிது பாரந்தாங்குமாதலால் கணக்கு இம்மி பிசகாமல் வராது; ஆயினும் போக்கு இதுவே. டயர் அகலத்தில் விரிவதைவிட நீளத்தில் அதிகம் படிகிறது. மணலை உழாமல் அதன்மீது மிதந்து செல்கிறது. காய்ந்த மணலுக்கு 16 முதல் 18 வரை பொருத்தம். மிகவும் இறக்கினால், திருப்பும்போது டயர் விளிம்பு சில்லின் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். தளர்ந்த டயரோடு தார்வீதியில் வேகமாய் ஓடினால் சூடேறி வெடிக்கவும் கூடும். எனவே அமுக்கமானி ஒன்றும், வண்டியின் பற்றரியில் நேரே கவ்வவைக்கும் சிறிய காற்றுப் பம்பி ஒன்றும் தேவை. சிகரெட் பற்றவைக்கும் துவாரத்திற் செருகும் மலிவான பம்பிகள் ஜீப் டயர்களுக்குத் தாக்குப்பிடிப்பதில்லை. அவற்றின் மின்னுருகி போய்விடும். பழைய கால்பம்பியும் வேலை செய்யும். வீட்டில் வாலிபர்கள் நாலு பேர் இருந்தாற் சரி.

மணலில் வண்டியோட்டும் வித்தையை உலகுக்குக் கற்பித்தவர்களில் முதல்வராக வைத்து எண்ணத்தக்கவர் ரால்ப் பக்னோல்ட் என்னும் பிரித்தானிய இராணுவ அதிகாரி. 1920களில் எகிப்திற் பணியாற்றியபோது, விடுமுறை நாள்களில் நண்பர்களுடன் சாதாரண போர்ட் மோட்டார் வண்டிகளில் லிபியப் பாலைவனத்துக்குட் புகுந்து திரிந்தார். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியல்ல. பின் சில்லு மட்டும் இழுக்கும் வண்டி! டயரின் காற்றைக் குறைத்தோட்டுவதோடு, இரும்புத் தகட்டு வாய்க்கால்களைச் சில்லின் கீழே செருகும் முறையையும் அவர் கையாண்டார். முதலாம் உலகப் போரிற் பதுங்குகுழிகளுக்குக் கூரையிடவென்று செய்யப்பட்ட தகடுகள் கெய்ரோவின் பழைய இரும்புக் கடையில் அவர் கண்ணிற் பட்டனவாம். 1940இல் அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படை அத்தகடுகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டே போரிட்டது. மணலைப் பற்றி அவர் 1941இல் வெளியிட்ட நூல், செவ்வாய்க் கிரகத்து மணல் மேடுகளை ஆராய்பவர்களுக்கு இன்றும் பயன்படுகிறது. விடுமுறையில் ஊர் சுற்றியவர் கதை இப்படியும் முடிவதுண்டு என்பதை மாணவர்களின் பெற்றோர் குறித்துக்கொள்வார்களாக!

இந்நாளில் கடைகளில் விற்கும் பல்வரிசை கொண்ட பிளாஸ்டிக் பலகைகள் அத்தகடுகளின் பேரப்பிள்ளைகளே. ஒரு சோடி எடுத்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் தடித்த மரப்பலகை இரண்டும், கிடைக்குமிடத்தில் தென்னோலையும் உதவும். சில்லின் கீழே பலகையைச் செருகியபின் வேகமிதியை மெல்லத்தான் அழுத்தவேண்டும். சில்லு சுழன்றால் பிளாஸ்டிக் பற்கள் உருகிப்போகும். மரப்பலகையானால் அம்புபோலப் பின்னாற் பாயும். அங்கே நிற்பவர் கால் முறியும்.

இனி, கயிற்றுக்கு வருவோம். மாமி கேட்ட ஒரு கயிறு, எந்தக் கயிறு என்பதிலேதான் விஷயமெல்லாம் இருக்கிறது.

கயிறுகள் இரண்டு சாதி. நீளாத சாதி ஒன்று. நீளும் சாதி மற்றது. பொலியெஸ்டர்ப் பட்டி, உருக்குக் கம்பி, சங்கிலி ஆகியவை பெரிதும் நீளாதவை. இவற்றை இறுகக் கட்டி, மெல்ல நகர்த்தி இழுக்கலாம், வெட்டியிழுக்கலாகாது. நைலோனாற் செய்த வெட்டிழுவைப் பட்டி தன் நீளத்தில் ஐந்திலொரு பங்கு வரை நீளும். பின்னிய கயிறாயின் பத்தில் மூன்று பங்கு வரை நீளும். முன் வண்டி நகரும்போது கயிறு வில்லைப்போல் நீண்டு சக்தியைச் சேர்த்துவைத்து, புதைந்த வண்டியைக் குலுக்கலின்றி எடுத்துத் தருகிறது. மணலுக்கு உகந்தது இதுவே. ஆனால் சேர்த்துவைத்த சக்தி எவ்வளவு என்பதை யோசித்தோமா?

இரண்டாயிரம் கிலோ நிறையுள்ள வண்டி மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது, சைக்கிள் ஓட்டம். அதன் இயக்கசக்தி, 50 கிலோ சீமெந்துப் பையொன்று ஏறத்தாழ ஐம்பதடி உயரத்திலிருந்து விழுகையிற் பெறும் சக்திக்குச் சமம். வேகத்தை 20 கிலோமீற்றராக்கினால் சக்தி இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. பை இருநூறடி உயரத்திலிருந்து விழுகிறது. கயிறு தாங்கும், ஆனால் கயிற்றின் இரு நுனிகளும் தாங்குமா? அன்று நமது மச்சினர் எந்த வேகத்திற் பாய்ச்சினார் என்பதை அளந்தார் இல்லை. வளையம் தாங்கவில்லை என்பது மாத்திரம் தெரியும்.

அந்த வளையம் எதற்காக அமைந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். ஜப்பானிலிருந்து நம் நாட்டுக்கு வரும் வண்டிகள் பலவற்றில், கப்பலில் ஏற்றும்போது ஆடாமற் கட்டிவைப்பதற்கென மெல்லிய வளையங்கள் அடியிலே இருக்கின்றன. அவை வண்டியைக் கட்டத்தான், இழுக்கவல்ல. இழுவைப் பெட்டி பூட்டும் குமிழும் அப்படியே. சமநிலத்தில் உருளும் பெட்டியை இழுக்கச் செய்யப்பட்ட அது, வெட்டியிழுக்கும்போது கழுத்தில் ஒடிந்து குண்டுபோற் பறக்கும். அவுஸ்திரேலியாவில் இவ்விதமாக உயிர்கள் போயிருக்கின்றன. ஆகையால் அன்பரின் மாமா வின்ச் வாங்கும் முன்பாக, வண்டியின் சட்டத்தில் முன்னும் பின்னும் மீட்புக்கென்றே அமைந்த கொளுவிடங்கள் உள்ளனவா என்று கராஜிற் காட்டிக் கேட்கவேண்டும். இல்லையேல் சட்டத்தோடு பொருந்தும் தகுதியான கொளுவிடத்தைப் பூட்டுவிக்கவேண்டும். அதற்குச் செலவாகும் பணமே அப்பட்டியலில் முதற் செலவு. முன்தடுப்பு, அச்சு, திருப்புத் தண்டு இவற்றில் கயிறு கட்டவே கூடாது.

பட்டியின் வலு வண்டியின் முழு நிறையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்குக்குள் இருப்பது முறை. ஏழு பேரும் சாமானும் ஏறிய வண்டி ஏறக்குறைய இரண்டே முக்கால் தொன் வருமாதலால் எட்டுத் தொன் பட்டி போதும். பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று எண்ணவேண்டாம். மிகத் தடித்த பட்டி நீளாது. நீளாவிட்டால் சங்கிலிக்கும் அதற்கும் பேதமில்லை. இணைக்கும் இரும்பு ஷக்கிளில் 4.75 தொன் என்று வேலைப்பாரம் பொறித்திருக்கவேண்டும். எழுத்தேயில்லாத ஷக்கிளைக் கடைக்காரரிடமே விட்டுவிடுக. பாரமற்ற, உயர்வலு நாரினாற் பின்னிய மென் ஷக்கிள்களும் இப்போது கிடைக்கின்றன. அறுந்தாலும் இரும்பைப்போற் கொல்லாது என்பதால் நாம் அதையே விரும்புவோம். கயிறு போதாதென்று இரண்டு பட்டிகளை இரும்பால் இடையில் இணைப்பதும், முடிச்சிடுவதும் ஆபத்து. முடிச்சு விழுந்த இடத்திற் கயிற்றின் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். உப்பு நீரிலும் மணலிலும் புரண்ட பட்டியை வீட்டுக்கு வந்ததும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்தவேண்டும். மணற்றுகள் நாருக்குள்ளிருந்து அரத்தைப்போல் அறுக்கும்.

நம்மூர்த் தும்புக்கயிறும் நன்றாக நீளுமே என்று பழைய தலைமுறையினர் சொல்லக்கூடும். நீளும், உண்மை. ஆனால் வலு குறைவு. தோணியைக் கட்டலாம், ஜீப்பை இழுக்கவேண்டாம்.

இழுக்கும்போது இரண்டு வண்டிகளிலும் ஓட்டுநர் தவிர ஒருவரும் இருத்தலாகாது. மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்கவேண்டும். கயிற்றின் நடுவே நனைந்த சாக்கொன்றையோ தடித்த போர்வையையோ போட்டுவைத்தால், அறுந்தாலும் துள்ளல் ஓரளவு அடங்கும்.

மற்றப் பொருள்களை விரைவாய்ப் பார்த்துவிடலாம். நெடிய இரும்புத் தண்டில் ஏறியிறங்கும் ஜக், 1905இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திற் பிறந்தது, விவசாயிகளின் தோழன். ஆனால் இக்காலத்து வண்டிகளின் வளைந்த பிளாஸ்டிக் முகப்பில் அதைக் கொடுக்க இடமில்லை. மணலில் சரியும், பிடி தவறினால் கைப்பிடி தாடையைப் பெயர்க்கும். வண்டியோடு வந்த சிறு ஜக்கும், அதன் கீழ் வைக்க ஒன்றரை அடிச் சதுரப் பலகையும் இருந்தாற் போதும். சில்லை உயர்த்தி, அடியில் மண்ணிட்டு நிரப்பிவிடலாம்.

வின்சோ? வண்டியின் முழு நிறையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறமுள்ளதாக வாங்கவேண்டுமென்பது விதி. அந்தத் திறமும் உருளையில் முதற் சுற்றுக் கம்பி மட்டும் எஞ்சி நிற்கையிலேதான் கிடைக்கும். அதைக் கட்டுவதற்கு மரம் வேண்டும். பாணமைக் கடற்கரை வெளியில் மரம் எங்கே? மேலதிகச் சில்லை மூன்றடி ஆழத்திற் புதைத்து அதிற் கட்டலாம் என்பது உண்மையே. அந்தக் குழியை வெட்டும் நேரத்தில் வண்டியையே தோண்டி எடுத்துவிடலாமே! மாரி காலத்தில் தன்னந்தனியே வயல்வட்டைகளுக்கும் காட்டோரக் களிமண் தடங்களுக்கும் போய்வரவேண்டியவருக்கு வின்ச் உயிர்த்துணை. விடுமுறைக்குச் செல்லும் மாமாவுக்கு, மாமி பக்கமே நியாயம் இருக்கிறது. ஆனால் மாமி சொன்ன கயிறும் நாம் சொல்லும் கயிறும் ஒன்றல்ல.

நமது பகுதியில் மீட்க வருவது பெரும்பாலும் உழவு யந்திரமே. அவ்வேளையிற் கயிற்றை அதன் பின்புறத்தில் தாழ்வாயுள்ள இழுவைச் சட்டத்திலேயே கட்டவேண்டும். பின் அச்சுக்கு மேலே, ஆசனத்தண்டிலோ வேறெங்கோ கட்டினால், பாரம் அசையாதபோது யந்திரத்தின் முன்பகுதி எழும்பி, ஓட்டுபவர்மீது கவிழ்ந்துவிடும். அது கண்மூடித் திறக்குமுன் முடிந்துபோகும் காரியம், குதிக்க நேரமிராது. உதவிக்கு வந்தவனை நம் அவசரத்தாற் பலிகொடுக்கலாகாது. கட்டும் இடத்தை நாமும் ஒருமுறை குனிந்து பார்ப்பதில் அவன் கோபிக்கமாட்டான்.

குமண வனத்துக்குள்ளும் போகும் எண்ணமிருந்தால், அங்கே அனுமதித்த இடங்களிலன்றி வண்டியை விட்டு இறங்கலாகாது. புதைந்தாலும் வழிகாட்டி சொல்லும்வரை உள்ளேயே இருக்கவேண்டும். கடலோரத்தில் அலை தொட்டுப்போகும் ஈரமணல் சீமெந்துபோல் இறுகித் தோன்றும்; ஓடும் வண்டியைத் தாங்கும்; நின்ற வண்டியின் சில்லடி மணலை ஒவ்வோர் அலையும் சிறிது சிறிதாய் அள்ளிக்கொண்டு போகும். புகைப்படம் எடுக்கவென்று அங்கே நிறுத்தியவர்கள் பலர். களப்போரத்தில் வெள்ளையாய்க் காய்ந்திருக்கும் நிலமும் ஏமாற்றும். மேலே தோல், கீழே களி. இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் புதைந்தால் சில்லும் புதையும்.

ஆக, அன்பரின் பதினொன்றில் நாம் விட்டுவைப்பது நீளும் பட்டி ஒன்று, ஷக்கிள் இரண்டு, பலகை ஒரு சோடி. நாம் சேர்ப்பது மண்வெட்டி, பம்பி, அமுக்கமானி, ஜக்குக்கு அடிப்பலகை, தோற் கையுறை, பழைய போர்வை. இவற்றைச் சோற்றுச் சட்டிக்கும் பாய்களுக்கும் கீழே அடுக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் கடைசியாக, கதவைத் திறந்ததும் கைக்கெட்டும்படி ஏற்றவேண்டும். புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்பாக, வெறும் வண்டியைக் கடற்கரை மணலுக்குக் கொண்டுபோய், காற்றை இறக்கி, ஏற்றி, எத்தனை நிமிடம் செல்கிறதென்று பார்ப்பது நல்லது. இந்த வேலையை மாமா அல்ல, அன்பரே செய்து பழகட்டும்.

ஒரு சந்தேகம். வரும் விடுமுறை என்று எழுதியிருக்கிறாரேயன்றி, எது என்று குறிப்பிடவில்லை. ஓகஸ்ட் மாதமானால் மேற்சொன்னவை பொருந்தும். டிசெம்பராயின், வடகீழ்ப் பருவமழையிற் பாணமைக்கு அப்பால் மணலைவிடச் சேறே அதிகம். பொத்துவிலோடு திரும்பி வந்து, மிச்சப் பணத்தை மாமியிடம் கொடுத்துவிடலாம். எந்த மாதமென்று அன்பர் மறுகடிதம் எழுதுவாராக.